சத்தம் குறைத்தால் கரகரக்கும் ஆம்ப்ளிஃபையர்: கிராஸ்ஓவர் திரிபை அறிகுறி பார்த்துச் சரிசெய்தல்

ஆம்ப்ளிஃபையரில் கரகரப்பு என்றதும் பலரும் நேராக பயாஸ் ப்ரீசெட்டில் ஸ்க்ரூடிரைவரை வைத்துவிடுகிறார்கள். சிக்னல் இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களைக் கொஞ்சம் விழித்திருக்க வைக்கும் மின்னழுத்தம்தான் பயாஸ், அதை அமைக்கும் சிறு திருகு ரெசிஸ்டர் ப்ரீசெட். கொஞ்சம் திருப்பினால் ஓசை தெளிந்தும் விடும். ஆனால் ப்ரீசெட் தானாக நகர்ந்திருக்காது. வேறு ஏதோ ஒன்று மாறியதால்தான் பயாஸ் இறங்கியிருக்கும். அதைத் தேடாமல் கூட்டிவைத்த பெட்டி, சில நாளில் எரிந்த அவுட்புட் டிரான்சிஸ்டரோடு மேசைக்குத் திரும்பும். ஆகவே முதலில் கேட்க வேண்டியது, கரகரப்பு எப்போது வருகிறது என்பதுதான். மெல்லிய ஓசையிலா, நடுத்தர ஓசையிலா? ஆன் செய்தவுடனா, சூடேறிய பிறகா? எல்லா ஒலிகளிலுமா, உச்ச அலைவெண்களில் மட்டுமா? இதற்குக் கிடைக்கும் விடைதான் எந்தப் பாகத்தைச் சந்தேகிப்பது என்று காட்டும்.

கிளாஸ் ஏபி அவுட்புட்டில் அலையின் மேல் பாதியை என்பிஎன் பக்கமும் கீழ்ப் பாதியை பிஎன்பி பக்கமும் சுமக்கின்றன. ஒரு பக்கம் மற்றதன் கையில் அலையை ஒப்படைக்கும் இடம் பூஜ்ய வோல்ட். சிலிக்கான் டிரான்சிஸ்டர் கடத்தத் தொடங்க பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே ஏறத்தாழ 0.6 வோல்ட் தேவை. அந்த அளவுக்கு முன்கூட்டியே பயாஸ் கொடுத்து வைக்காவிட்டால், பூஜ்யத்தை ஒட்டிய ஒரு பட்டையில் இரண்டு பக்கமும் தூங்கிக்கொண்டிருக்கும். அங்கே அலையில் விழும் மடிப்புதான் கிராஸ்ஓவர் திரிபு. வெளியீட்டை உள்ளீட்டோடு ஒப்பிட்டுத் திருத்தும் ஃபீட்பேக் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட முடியாது. அவுட்புட் நிலையின் கெயின், அதாவது பெருக்கம், விழும் அதே கணத்தில் ஃபீட்பேக் வளையத்தின் கெயினும் விழுகிறது. தேவைப்படும் இடத்தில்தான் அது பலமிழந்து நிற்கிறது.

எவ்வளவு பயாஸ் சரி? ஹியூலெட் பேக்கார்டில் இருந்த பார்னி ஆலிவர் 1971-இல் இதற்கொரு எளிய விதியைக் கொடுத்தார். வெளியீட்டை எமிட்டரிலிருந்து எடுக்கும் எமிட்டர் ஃபாலோயர் வகையில், ஒவ்வொரு எமிட்டர் ரெசிஸ்டரின் குறுக்கேயும் ஓய்வு நிலையில் சுமார் 26 மில்லிவோல்ட் இருக்க வேண்டும். காரணத்தைப் புரிந்துகொண்டால் பாதி அறிகுறிகள் தாமாகவே விளங்கிவிடும். டிரான்சிஸ்டரின் உள் எமிட்டர் தடை என்பது 26 மில்லிவோல்ட்டை அதில் ஓடும் மின்னோட்டத்தால் வகுத்தால் வருவது. 0.22 ஓம் ரெசிஸ்டரில் 26 மில்லிவோல்ட் என்றால் 118 மில்லிஆம்பியர், அப்போது உள் தடையும் அதே 0.22 ஓம். பூஜ்யத்தில் இரண்டு பக்கமும் சேர்ந்து கடத்துவதால், 0.44-க்கு இணையாக 0.44, அதாவது 0.22 ஓம். உரத்த ஓசையில் ஒரு பக்கம் மட்டுமே கடத்துகிறது, அதன் உள் தடை ஏறக்குறைய மறைந்து, மிஞ்சுவது மீண்டும் 0.22 ஓம். இரண்டு இடத்திலும் ஒரே தடை என்பதால் அலை வழுக்கிக்கொண்டு கடக்கிறது. பயாஸ் 1 மில்லிஆம்பியருக்கு இறங்கினால் பூஜ்யத்தில் வெளியீட்டுத் தடை 13 ஓமுக்குப் போய்விடும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அந்தக் கணத்தில் பாதி சிக்னல்கூடப் போய்ச் சேராது.

மெய்யான டிரான்சிஸ்டருக்குள் கொஞ்சம் கூடுதல் தடை ஒளிந்திருப்பதால், வெளியே அளக்கும்போது 20 முதல் 25 மில்லிவோல்ட் வரை போதும். 22 என்று வைத்துக்கொண்டால் 0.1 ஓமுக்கு 220 மில்லிஆம்பியர், 0.22-க்கு 100, 0.33-க்கு 67, 0.47-க்கு 47. தயாரிப்பாளரின் சர்வீஸ் மேனுவல் கையில் இருந்தால் அதில் உள்ள எண்ணுக்கே முதலிடம். ஹீட்சிங்க் சிறிதாக இருப்பதால் வேண்டுமென்றே குறைத்து வைத்திருப்பார்கள்.

கை வைப்பதற்கு முன்

மெயின்ஸுக்குத் தொடராக 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றைப் போட்டு முதல் முறை ஆன் செய்யுங்கள். பல்பு மின்னி அணைந்தால் பெரிய ஷார்ட் இல்லை என்று பொருள். பயாஸை இறுதியாக அமைக்கும்போது பல்பை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சப்ளை தாழ்ந்து எண்கள் பொய் சொல்லும். ஸ்பீக்கரைக் கழற்றி, சோதனைக்கு 8 ஓம் வயர்வுண்ட் ரெசிஸ்டரை மாட்டுங்கள். மீட்டர் முனைகளைக் கையால் பிடிக்காதீர்கள், கிளிப் போட்டு மாட்டிய பிறகே ஆன் செய்யுங்கள். பேஸும் கலெக்டரும் ஒரு நொடி ஒட்டினால் போதும், இரண்டு அவுட்புட் டிரான்சிஸ்டர்களும் சேர்ந்தே போய்விடும். ஸ்பீக்கரின் இரு முனையையும் இயக்கும் பிரிட்ஜ் முறை ஆம்ப்ளிஃபையரில் ஸ்கோப்பின் (அலையைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப்) எர்த் கிளிப்பை ஸ்பீக்கர் முனையில் மாட்டவே கூடாது. அது வெளியீட்டை நேராக எர்த்துக்கு ஷார்ட் செய்வதற்குச் சமம்.

அறிகுறி: சத்தம் குறையக் குறையக் கரகரப்பு கூடுகிறது

இதுதான் பாடப்புத்தக அறிகுறி. பியானோவின் ஒற்றைச் சுரம் மெல்ல அடங்கும் பதிவு ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். தொடக்கம் தெளிவாக இருந்து, வால் பகுதி மட்டும் மணலைத் தேய்த்ததுபோல் கேட்டால் சந்தேகம் வலுக்கிறது. அலையின் முகடு வெட்டுப்படும் கிளிப்பிங் இதற்கு நேர் எதிர், உரத்த இடத்தில்தான் உடையும்.

ஆனாலும் இங்கே ஆளை ஏமாற்றும் பேர்வழி ஒன்று உண்டு: ஸ்பீக்கர் ரிலே. அதன் காண்டாக்ட்டுகளில் ஆக்ஸைடு படிந்தால், சின்ன சிக்னல் அந்தப் படலத்தைத் தாண்ட முடியாமல் இதே கரகரப்பைத் தரும். வித்தியாசம் என்னவென்றால், ஒருமுறை சத்தத்தை நன்றாகக் கூட்டிக் குறைத்தால் ரிலேயின் கரகரப்பு தெளிந்துவிடும், கொஞ்ச நேரமோ சில நாளோ கழித்துத் திரும்பி வரும். பயாஸ் குறைபாடு அப்படித் தெளியாது. ஸ்கோப் இருந்தால் ரிலேக்கு முன்னும் பின்னும் பாருங்கள், முன்னால் அலை நன்றாக இருந்தால் பயாஸைத் தொடவே வேண்டாம். ஸ்பீக்கரில் வாய்ஸ் காயில் உரசினாலும் இதே புகார் வரும். இடது வலது ஸ்பீக்கரை மாற்றி மாட்டினால் அது அகப்பட்டுவிடும்.

இவை இரண்டும் இல்லையென்றால் அளவெடுங்கள். இன்புட்டை ஷார்ட் செய்து, லோடு இல்லாமல், மீட்டரை எமிட்டர் ரெசிஸ்டரின் குறுக்கே வையுங்கள். இரண்டு எமிட்டர்களுக்கு நடுவே அளந்தால் இரட்டிப்பாகக் காட்டும் என்பதை மறக்க வேண்டாம். எமிட்டர் ஃபாலோயர் வகையில் 0 முதல் 3 மில்லிவோல்ட் வரை காட்டினால் நோய் உறுதி. அடுத்து 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையைக் கொடுத்து, 8 ஓமில் 0.63 வோல்ட் ஆர்எம்எஸ், அதாவது 50 மில்லிவாட் வருமாறு வையுங்கள். பயாஸ் சரியாக உள்ள ஆம்ப்ளிஃபையர் இந்த அளவில் முழுக்க கிளாஸ் ஏ-யில்தான், அதாவது எந்தப் பக்கமும் அணையாத நிலையில்தான், இருக்கும்: லோடில் உச்ச மின்னோட்டம் சுமார் 112 மில்லிஆம்பியர், ஓய்வு மின்னோட்டம் 100 என்றால் அதன் இரு மடங்கு வரை இரண்டு பக்கமும் விழித்திருக்கும். எனவே இந்த அளவில் பூஜ்யத்தருகே படிக்கட்டு தெரிந்தால் வேறு விளக்கம் தேட வேண்டாம். ஸ்கோப் இல்லாதவர்கள், மின்னழுத்தத்தைப் பிரித்துக் குறைக்கும் ரெசிஸ்டர் ஜோடி வழியாக கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டில் செலுத்தி ஸ்பெக்ட்ரம் பார்க்கலாம். மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என ஒற்றைப்படை ஹார்மோனிக்குகள் சீக்கிரம் அடங்காமல் வரிசையாக நீண்டால் அது கிராஸ்ஓவரின் கையெழுத்து. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய திரிபைக்கூட இது காட்டிவிடும்.

பயாஸ் கூட்டும் முறை: ப்ரீசெட்டைக் குறைந்த பக்கம் வைத்துத் தொடங்கி, 10 மில்லிவோல்ட் வரை கூட்டி, மூடியை மூடி 15 முதல் 20 நிமிடம் விட்டு, மறுபடி அளந்து 22-க்குக் கொண்டுவாருங்கள். மூடி திறந்திருந்தால் காற்றோட்டத்தில் ஹீட்சிங்க் குளிர்ந்து, மூடிய பின் எண் மாறிவிடும். சப்ளை கூட்டல் கழித்தல் 35 வோல்ட், ஓய்வு மின்னோட்டம் 100 மில்லிஆம்பியர் என்றால் ஒரு ஜோடியில் சும்மா இருக்கும்போதே 7 வாட் வெப்பம். உங்கள் ஹீட்சிங்க் அதைத் தாங்குமா என்று கையை வைத்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.

சிக்லாய் ஜோடி வகையில் இந்த 22 பொருந்தாது. அங்கே அவுட்புட் டிரான்சிஸ்டர் டிரைவரின் (அதற்கு முன்னிருந்து அதை இயக்கும் டிரான்சிஸ்டரின்) உள் வளையத்துக்குள் அடங்கியிருப்பதால், எமிட்டர் ரெசிஸ்டரில் 3 முதல் 5 மில்லிவோல்ட்டே உகந்தது. சுற்றைப் பார்க்காமல் 22-க்கு ஏற்றிவைப்பது அங்கே வீண் வெப்பம், திரிபும் கூடும்.

அறிகுறி: ப்ரீசெட்டைத் திருப்பினாலும் எண் நகரவில்லை

பயாஸ் மின்னழுத்தத்தை உண்டாக்கும் பயாஸ் டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே அளவெடுங்கள். டிரைவரோடு கூடிய எமிட்டர் ஃபாலோயரில் நான்கு ஜங்ஷன், அங்கே சுமார் 2.4 வோல்ட் இருக்க வேண்டும். சிக்லாயில் இரண்டு ஜங்ஷன், சுமார் 1.2. இரு பக்கமும் என்பிஎன் அவுட்புட் உள்ள பழைய குவாசி வகையில் மூன்று, சுமார் 1.8.

மின்னழுத்தம் பூஜ்யத்தை ஒட்டியிருந்தால் பயாஸ் டிரான்சிஸ்டரோ அதன் குறுக்கே உள்ள கெப்பாசிட்டரோ ஷார்ட், அல்லது அந்தக் கிளைக்கு மின்னோட்டம் தரும் கரண்ட் சோர்ஸ் செத்திருக்கும். கரண்ட் சோர்ஸ் டிரான்சிஸ்டரின் எமிட்டர் ரெசிஸ்டரில் விழும் வோல்ட்டை அளந்தால் தெரிந்துவிடும். மின்னழுத்தம் சரியாக இருந்தும் எமிட்டர் ரெசிஸ்டரில் ஒன்றுமே இல்லையென்றால் டிரைவரோ அவுட்புட்டோ ஓபன். இந்த நிலையில் ப்ரீசெட்டைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டே போவதுதான் மிக மோசமான காரியம். ஓபனான பாகத்தை மாற்றி ஆன் செய்த கணமே புதியது கருகும். பாகம் எதை மாற்றினாலும் ப்ரீசெட்டை முதலில் குறைந்த பக்கம் திருப்பிவிட்டுத்தான் ஆன் செய்ய வேண்டும்.

ப்ரீசெட்டின் இடத்தையும் பாருங்கள். பயாஸ் டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே இருந்தால், அதன் நடுமுனை தேய்ந்து ஓபனாகும்போது பயாஸ் கீழே விழும்: கரகரப்பு வரும், எதுவும் எரியாது. கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவே இருந்தால் அதே பழுதில் பயாஸ் எகிறி அவுட்புட்டைக் கொன்றுவிடும். இரண்டாம் வகைப் பலகை கைக்கு வந்தால் ப்ரீசெட்டை இடம் மாற்றி, உடன் ஒரு நிலையான ரெசிஸ்டரையும் சேர்த்து, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஆபத்தில்லாத வீச்சுக்குள் கட்டிவிடுவேன். திறந்த கார்பன் ப்ரீசெட்டுக்குப் பதில் மல்டிடர்ன் செர்மெட் போடுவது நல்லது.

ப்ரீசெட்டே இல்லாமல் டையோடுகளை வரிசையாகப் போட்டு பயாஸ் எடுக்கும் பலகைகளில் ஒரு நுட்பம். 1என்4148 பழுதாகி, கையில் இருந்த 1என்4007-ஐப் போட்டுவிடுவார்கள். இரண்டும் சிலிக்கான்தானே என்ற எண்ணம். பெரிய ஜங்ஷன் உள்ள 1என்4007 அதே சில மில்லிஆம்பியரில் குறைந்த வோல்ட்டையே தரும். இரண்டு மூன்று டையோடு சேரும்போது அந்தக் குறைவு ஓய்வு மின்னோட்டத்தை ஏறக்குறைய அணைத்துவிடும். பழுது பார்த்த பிறகுதான் கரகரப்பு வந்தது என்று சொன்னால் முதலில் இங்கே பாருங்கள்.

அறிகுறி: சூட்டைப் பொறுத்து வருகிறது, போகிறது

எல்லாவற்றிலும் சிக்கலானது இதுதான், அதிகம் தவறாகக் கணிக்கப்படுவதும் இதுதான். பேஸ்-எமிட்டர் வோல்ட் ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்குகிறது. அவுட்புட் சூடானால் அதே பயாஸ் வோல்ட் அதற்கு அதிகமாகிவிடும். அதனால்தான் பயாஸ் டிரான்சிஸ்டரையும் ஹீட்சிங்கில் பிணைத்து, கூடவே சூடேற வைக்கிறோம். அந்தப் பிணைப்பில் தவறு இரண்டு திசையில் வரலாம்.

ஆன் செய்த புதிதில் கரகரத்து, பத்து நிமிடத்தில் தெளிந்தால் பயாஸ் சூட்டோடு ஏறுகிறது என்று பொருள். ஓசை தெளிந்ததே என்று விட்டுவிடக் கூடாது. மீட்டரை மாட்டிப் பாருங்கள்: 5-இல் தொடங்கி 22-ஐக் கடந்து 40, 60 என்று நிற்காமல் ஏறினால் உடனே அணையுங்கள். அது தெர்மல் ரன்அவேயின் பாதை: சூடு மின்னோட்டத்தையும், மின்னோட்டம் சூட்டையும் மாறி மாறி ஏற்றிக்கொண்டே போகும். பயாஸ் டிரான்சிஸ்டரின் திருகு தளர்ந்திருக்கும், வெப்பம் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது யாரோ அதைப் பலகையிலேயே நிற்கவிட்டிருப்பார்கள்.

மாறாக, உரத்த பகுதி முடிந்து மெல்லிய பகுதி வந்தவுடன் கரகரத்து, சில நிமிடத்தில் தெளிந்தால், அது பின்தங்கும் சூட்டுக் கணக்கு. சத்தம் நின்றதும் டிரான்சிஸ்டரின் உள்ளே சிலிக்கான் சட்டென்று குளிர்ந்துவிடுகிறது, ஹீட்சிங்கோ இன்னும் சூடாகவே இருக்கிறது. பயாஸ் டிரான்சிஸ்டர் ஹீட்சிங்கை நம்பி பயாஸைக் குறைத்தே வைத்திருக்கிறது. இசை கேட்பவருக்கு இது மிகவும் உறுத்தும், ஏனெனில் உரத்ததற்குப் பின் வரும் அமைதியில்தான் காது கூர்மையாக இருக்கும்.

சோதிக்கும் முறை: டம்மி லோடில் (ஸ்பீக்கருக்குப் பதில் மாட்டிய 8 ஓம் ரெசிஸ்டரில்) அதிகபட்சத் திறனில் மூன்றில் ஒரு பங்கை ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். கிளாஸ் பி வகையில் வெப்பம் உச்சத்தை ஒட்டி இருப்பது முழுத் திறனில் அல்ல, ஏறத்தாழ இந்த நடு இடத்தில்தான். டம்மி லோடின் வாட் அளவு இதற்குப் போதுமா என்று முன்னரே பாருங்கள். பின் சிக்னலை நிறுத்தி உடனே எமிட்டர் ரெசிஸ்டரைப் படியுங்கள். 8-க்கு விழுந்து மெல்ல 22-க்கு ஏறினால் ஈடுசெய்தல் மிகை அல்லது தாமதம். 40-இல் நின்று மெல்ல இறங்கினால் ஈடுசெய்தல் குறைவு. சிக்னல் ஓடும்போது படிக்கும் எண் பயாஸைக் காட்டாது, அதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

தீர்வு பெரும்பாலும் இடமாற்றம்தான். பயாஸ் டிரான்சிஸ்டரை ஹீட்சிங்கின் ஓரத்திலிருந்து எடுத்து, அவுட்புட் டிரான்சிஸ்டரின் முதுகிலேயே பேஸ்ட் தடவி அழுத்தி மாட்டினால் தாமதம் வெகுவாகக் குறையும். சிக்லாய் வகையில் டிரைவரின் சூடே முக்கியம், பயாஸ் டிரான்சிஸ்டர் டிரைவரோடு ஒட்டியிருக்க வேண்டும், பெரிய ஹீட்சிங்கில் அல்ல. புதிதாகக் கட்டுபவர்களுக்கு ஆன் செமிகண்டக்டரின் தெர்மல்டிராக் வகை, என்ஜேஎல்3281டி-யும் என்ஜேஎல்1302டி-யும், உள்ளேயே உணர்வு டையோடோடு வருகின்றன. லேட்டரல் மாஸ்ஃபெட்டுகளில், உதாரணமாக 2எஸ்கே1058, 2எஸ்ஜே162 ஜோடியில், சுமார் 100 மில்லிஆம்பியரை ஒட்டி வெப்பச் சார்பு பூஜ்யமாகிவிடுவதால் இந்தத் தலைவலியே அநேகமாக இல்லை. ஐஆர்எஃப்பி240 போன்ற வெர்டிகல் வகைக்கு ஈடுசெய்தல் கட்டாயம். மாஸ்ஃபெட் தானாகவே பாதுகாத்துக்கொள்ளும் என்ற பேச்சு ஆடியோ ஓய்வு மின்னோட்ட அளவில் அவற்றுக்குப் பொருந்தாது.

அறிகுறி: மெல்லிய ஓசை தெளிவு, நடுத்தரத்தில் கடுமை, ஹீட்சிங்க் கொதிக்கிறது

பயாஸ் மிகை. கூட்டினால் நல்லது என்று கூட்டிக்கொண்டே போனதன் விளைவு. 0.22 ஓமில் 52 மில்லிவோல்ட் வைத்தால் பூஜ்யத்தருகே வெளியீட்டுத் தடை 0.165 ஓம், ஒரு பக்கம் அணைந்த பின் 0.22. கெயின் இரண்டு இடத்தில் மாறுகிறது, மடிப்பு பூஜ்யத்திலிருந்து வெளியே தள்ளி உட்கார்ந்துகொள்கிறது. முழு கிளாஸ் ஏ-வுக்குப் போகும் வரை, உகந்த புள்ளியைத் தாண்டிய கூடுதல் பயாஸ் திரிபைக் குறைப்பதில்லை. எமிட்டர் ரெசிஸ்டரைச் சிறிதாக்கினால் இந்த மேடுபள்ளம் சுருங்கும். ஆனால் 0.1 ஓமில் வெப்ப நிலைத்தன்மைக்கு முன்பைவிடக் கூடுதல் கவனம் வேண்டும்.

அறிகுறி: 1 கிலோஹெர்ட்ஸில் நன்று, 10-இல் பூஜ்யத்தருகே அலையில் முள் தெரிகிறது

வளையத்தின் கெயின் பொதுவாகப் பத்து மடங்கு அலைவெண்ணுக்குப் பத்தில் ஒரு பங்காகிறது, அதனால் ஃபீட்பேக் மறைத்து வைத்திருந்தது மேலே தலைகாட்டும். ஓரளவு இயல்புதான். அளவு மீறினால் டிரான்சிஸ்டர் அணையத் தாமதிக்கிறதா என்று பாருங்கள். டிரைவர்களின் எமிட்டர் ரெசிஸ்டர்கள் தனித்தனியாக வெளியீட்டில் சேர்ந்திருந்தால், அணையும் பக்கத்தின் பேஸிலிருந்து மின்னூட்டத்தை இழுக்க வழியில்லை. இரண்டுக்கும் பதில் இரு டிரைவர் எமிட்டர்களுக்கும் நடுவே ஒரே ரெசிஸ்டர், அதற்கு இணையாக 1 மைக்ரோஃபேரட் என்று மாற்றினால் பேஸை எதிர்த்திசையில் இழுத்து அணைக்க முடியும். பயாஸ் டிரான்சிஸ்டரின் குறுக்கே உள்ள கெப்பாசிட்டர் காய்ந்து போனாலும் மேல் அலைவெண்ணில் இரு பக்கமும் ஒத்துப்போகாது, மாற்றிப் பார்ப்பது எளிது.

பழைய 2என்3055-ஐ எடுத்துவிட்டு 30 மெகாஹெர்ட்ஸ் 2எஸ்சி5200 போடலாம் என்று தோன்றும். அணையும் வேகம் கூடும், உண்மை. கூடவே ஆஸிலேஷனும் வரலாம். அலையின் ஒரு பகுதியில் மட்டும் கோடு தடித்து மங்கலாகத் தெரிந்தால் அது கிராஸ்ஓவர் அல்ல, அந்த இடத்தில் சுற்று தானாக ஊசலாடுகிறது. வெளியீட்டில் உள்ள 10 ஓம், 100 நானோஃபேரட் தொடரையும் பேஸ் ரெசிஸ்டர்களையும் பாருங்கள். கூடுதல் ஃபீட்பேக் கிடைக்கும் என்று சுற்று ஊசலாடாமல் காக்கும் ஈடுகட்டும் கெப்பாசிட்டரைக் குறைக்க வேண்டாம்.

பயாஸை மேலும் கீழும் திருப்பியும் அலையில் உள்ள முள் மாறவில்லை என்றால் நீங்கள் தவறான இடத்தில் தேடுகிறீர்கள். சப்ளை கம்பிகளில் ஓடுவது அரை அலை மின்னோட்டம். அந்தக் கம்பி இன்புட் அல்லது ஃபீட்பேக் பாதைக்கு அருகே போனால் காந்தப்புலம் வழியே அதே போன்ற முள்ளைத் தூண்டும். சப்ளைக் கம்பியை ஒரு பிளாஸ்டிக் குச்சியால் நகர்த்தினால் முள்ளின் உயரம் மாறும், அதுவே சான்று. இரண்டு சப்ளைக் கம்பிகளையும் சேர்த்து முறுக்கிவிட்டாலே பெரும்பாலும் அடங்கும்.

அறிகுறி: மடிப்பு ஒரு பக்கம் மட்டும்

குவாசி வகையில் மேலும் கீழும் ஒரே வடிவமல்ல என்பதால் இது பிறவிக் குணம். கீழ்ப் பாதியில் பாக்சாண்டால் டையோடு சேர்த்தால் கணிசமாகத் திருந்தும். மற்ற வகைகளில், இணையாக உள்ள ஒவ்வொரு எமிட்டர் ரெசிஸ்டரையும் தனித்தனியே அளந்து, எது மற்றவற்றோடு சேராமல் நிற்கிறது என்று பாருங்கள்.

அறிகுறி: பவர் பகுதி நன்று, கரகரப்பு அதற்கு முன்பே இருக்கிறது

டோன் கன்ட்ரோல் பலகையில் எல்எம்358 அல்லது எல்எம்324 என்ற ஆப்ஆம்ப் ஐசி இருந்தால் குற்றவாளி அகப்பட்டார். அவற்றின் அவுட்புட் நிலை சில பத்து மைக்ரோஆம்பியருக்கு மேல் உள்ளிழுக்க வேண்டி வந்தால் பயாஸ் இல்லாத கிளாஸ் பி-யாகிவிடும். வெளியீட்டிலிருந்து நெகட்டிவ் சப்ளைக்கு ஒரு ரெசிஸ்டர் போட்டால் ஐசி எப்போதும் தள்ளும் வேலையை மட்டுமே செய்யும், மடிப்பு மறையும். கணக்கு எளிது. 12 வோல்ட் ஒற்றை சப்ளை, வெளியீடு 6 வோல்ட்டில் நிற்கிறது, கெப்பாசிட்டர் வழியே 10 கிலோஓம் லோடு, உச்சம் 3 வோல்ட் என்று கொள்வோம். லோடின் உச்ச மின்னோட்டம் 0.3 மில்லிஆம்பியர். வெளியீடு 3 வோல்ட்டுக்கு இறங்கும் கணத்திலும் ரெசிஸ்டர் அதை இழுக்க வேண்டும், எனவே 10 கிலோஓமுக்குக் கீழே. 4.7 கிலோஓம் போட்டால் 0.64 மில்லிஆம்பியர், தாராளம். இதற்காக ஐசியையே மாற்றுவதானால், இன்புட் கிரவுண்டு வரை இறங்கக்கூடிய வகைதானா என்று முதலில் சரிபாருங்கள். ஒற்றை சப்ளையில் ஓடும் பலகைகள் சில அந்தக் குணத்தை நம்பியே வரையப்பட்டிருக்கும்.